பட்டம் கொடுக்க வேண்டியவர்கள் உடனிருந்தோரா, பின்வந்தோரா?

எங்கள் ஊர் வாசகர் வட்டத்துக்கு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தம் கடைசிக் காலத்தில் ஒரு தொகையை நிரந்தர வைப்பாக எழுதி வைத்துவிட்டுப் போனார். அதன் வட்டியைக் கொண்டு தமிழில் பெரும்பணி ஆற்றிய ஒருவரை ஆண்டுதோறும் சிறப்பிக்க வேண்டும் என்பதற்கு மேல் அந்தத் தாளில் ஒரு வரியும் இல்லை. சிறப்பிக்கப்படுபவர் உயிரோடு இருப்பவரா, மறைந்தவரா என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருப்பார். மூன்று கூட்டங்கள் நடந்து முடிந்த நிலையில் எங்களிடம் இரண்டு முன்மொழிவுகள் இருக்கின்றன. இன்று எழுதிக்கொண்டிருக்கும் ஒருவரை, இன்று படித்துக்கொண்டிருக்கும் நாமே தேர்ந்தெடுத்து, பணத்தையும் பட்டத்தையும் அவர் கையில் கொடுப்பது ஒன்று. மறைந்து இருபத்தைந்து ஆண்டுகளாவது ஆன ஒருவரைத் தேர்ந்து, அவர் பெயரில் கருத்தரங்கு நடத்திப் படத்தைத் திறந்து வைப்பது மற்றொன்று. இரண்டையும் ஒப்பிட்டு ஒரு குறிப்பு எழுதும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. கூட்டத்தில் பேசியதைவிடச் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

பேச்சு தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் பாரதியின் இறுதி ஊர்வலம் வந்துவிட்டது. இத்தகைய பேச்சில் அது வராமல் இருந்ததே இல்லை. 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் அவர் இறந்தபோது சுடுகாடு வரை உடன் சென்றவர்கள் இருபது பேர்கூட இல்லை என்ற செய்தியை, சமகாலத்தார் கண்ணில்லாதவர்கள் என்பதற்கான முழுச் சான்றாகவே எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். இரண்டாம் முன்மொழிவை ஆதரித்தவர்கள் அதைச் சொல்லிவிட்டு, இதற்கு மேல் என்ன வேண்டும் என்பதுபோல் உட்கார்ந்துகொண்டார்கள். ஊர்வலத்தில் நடந்தவர்களை எண்ணுவதும் ஒரு கவிஞரை மதித்தவர்களை எண்ணுவதும் ஒன்றல்ல என்பதால், பாரதி வழக்கையே முழுமையாக விசாரித்துப் பார்ப்பது நல்லது என்று எனக்குத் தோன்றியது. இரு தரப்பின் சாட்சியங்களும் எழுத்தில் கிடைக்கும் வழக்கு அது.

முதலில் உடனிருந்தோரின் சாட்சியம். 1907இல் பாரதியின் மூன்று பாடல்களைச் சிறு வெளியீடாக அச்சிட்டு, 15,000 பிரதிகளை இலவசமாகப் பரப்பியவர் வி. கிருஷ்ணசாமி ஐயர். அவர் காங்கிரசின் மிதவாத அணியைச் சேர்ந்தவர், பாரதியோ அதன் தீவிரவாத அணியைச் சேர்ந்தவர், மிதவாதிகளைப் பத்திரிகையில் விடாமல் சாடி வந்தவர். எதிரணியில் இருந்தவர் தம் பணத்தைப் போட்டு அச்சிட்டார் என்றால், அங்கே நட்பும் இல்லை, கட்சியும் இல்லை. பாட்டின் தரத்தைப் பற்றிய தீர்ப்பு மட்டுமே இருக்கிறது. பத்து ஆண்டுகள் கழித்து, பாரதி புதுச்சேரியில் இருந்தபோது, பரலி சு. நெல்லையப்பர் அவர் பாடல்களை நூலாக்கினார். 1917இல் அவர் எழுதிய முன்னுரையில், ஆசிரியரின் காலத்துக்குப் பிறகும், எத்தனையோ நூற்றாண்டுகளுக்குப் பிறகும், தமிழ்நாட்டு ஆண்களும் பெண்களும் இவற்றைப் பாடி மகிழும் காட்சியை இப்போதே காண்பதாகச் சொல்கிறார். நூறு ஆண்டுகள் காத்திருந்து நாம் கொடுத்த தீர்ப்பும் அதுதான். பாரதிக்கே தம் இடம் தெரிந்திருந்தது. 1919இல் எட்டயபுரம் மன்னருக்கு எழுதிய சீட்டுக்கவியில், தமிழ்நாட்டுக்குக் கவியரசர் இல்லை என்ற வசை தம்மால் கழிந்தது என்று கூசாமல் எழுதினார்.

அப்படியானால் குறை எங்கே? 1920இல் கடையத்தில் இருந்தபடி பாரதி அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்தால் அது தெரிகிறது. தம் கையெழுத்துப் படிகளை நாற்பது நூல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிட வேண்டும் என்பது அவர் திட்டம். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் வீட்டுக்கு வீடு போவதுபோல் தம் நூல்களும் போகும் என்று அவர் நம்பினார். அச்சுச் செலவுக்கு அவர் நன்கொடை கேட்கவில்லை. வட்டிக்குக் கடன் கேட்டார். நான்கு லட்சம் பிரதிகளுக்கான அந்தத் திட்டம் கைகூடவில்லை, அடுத்த ஆண்டு அவரே போய்விட்டார். இதைத் தீர்ப்பில் நேர்ந்த பிழை என்று சொல்வதைவிட, தீர்ப்பைச் செயலாக்கும் பணமும் அமைப்பும் இல்லாத குறை என்று சொல்வதே பொருந்தும். பாடல்களின் அருமை தெரிந்தவர்கள் அவர் காலத்தில் இருந்தார்கள். தெரிந்தவர்களிடம் பணம் இல்லை, பணம் இருந்தவர்கள் கைகொடுக்கவில்லை. பத்து ஆண்டு புதுச்சேரி வாசத்துக்குப் பிறகு 1918 நவம்பரில் எல்லை தாண்டியதும் கைது செய்யப்பட்டவருக்கு வெளிப்படையாக உதவுவதில் இருந்த அச்சத்தையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் முன்னால் இருக்கும் முடிவுக்கு இந்த வேறுபாடு முக்கியமானது: பெரியவரை அடையாளம் காண்பது ஒரு வேலை, அவருக்குத் தோள் கொடுப்பது வேறு வேலை. பின்வந்தோரால் முதல் வேலையைச் செய்ய முடியும். இரண்டாவதை அவர்களால் ஒருநாளும் செய்ய முடியாது.

சமகாலத்தார் உண்மையாகவே தவறும் இடம் வேறு. அதைப் பார்க்க எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த வழக்கு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையுடையது. 1815இல் பிறந்து 1876இல் மறைந்த அவரை, அவர் காலத்துத் தமிழ்ப் புலமை உலகம் ஒரே குரலில் முதலிடத்தில் வைத்தது. மகாவித்துவான் என்ற பட்டத்தைத் திருவாவடுதுறை ஆதீனம் தந்தது. கோயில் ஊர்களின் பெருமையைச் செய்யுளில் பாடும் தலபுராணங்கள் இருபதுக்கும் மேல், பிள்ளைத்தமிழ்கள், அந்தாதிகள், கலம்பகங்கள், கோவைகள் என்று அவர் பாடியவை ஏராளம். இன்று அவரைப் பெரும்பாலோர் அறிவது உ.வே. சாமிநாதையரின் ஆசிரியர் என்ற அளவில்தான். அவர் இயற்றிய ஒரு தலபுராணத்தை முழுதாகப் படித்தவர்கள் எங்கள் வட்டத்தில் ஒருவரும் இல்லை, நானும் படித்ததில்லை.

இங்கே யார் தவறு செய்தார்கள் என்று உடனே சொல்லிவிட முடியாது என்பதால்தான் இந்த வழக்கை எடுத்தேன். 1871இல் அவரிடம் மாணவராகச் சேர்ந்த சாமிநாதையர், பின்னாளில் 1933, 1934 ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்ட வரலாற்றைப் படித்தால் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு மாணவர் ஏட்டையும் எழுத்தாணியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்; ஆசிரியர் முன்னேற்பாடாக எதையும் எழுதி வைத்துக்கொள்ளாமல், வந்தவர்களோடு பேசிக்கொண்டே, பாடலைச் சொல்லிக்கொண்டு போவார்; எதுகையும் மோனையும் சிலேடையும் தாமாகவே வந்து உட்காரும், எழுதுபவரின் கைதான் பின்தங்கும். அந்தக் கூடத்தில் இருந்தவர்களுக்கு அவருடைய பெருமை கண்முன் நிகழ்ந்த ஒன்று. நமக்குக் கிடைப்பதோ அந்த நிகழ்வின் அச்சிட்ட படி மட்டுமே. அந்தக் காலத்து அளவுகோலின்படி, யாப்பில் இவ்வளவு சரளமாக நடக்கிறவரே பெரும்புலவர். அந்த அளவுகோலில் அவர்கள் அளந்தது பிழையே அல்ல. பின்னர் அளவுகோல் மாறியது.

மாறிய தருணத்தையே கிட்டத்தட்டத் தேதி போட்டுச் சொல்லலாம். 1880இல் கும்பகோணத்தில், அங்கு முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சாமிநாதையர் பார்க்கச் சென்றார். என்ன படித்திருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் என்று நீண்ட பட்டியலை ஒப்பித்தார் ஐயர். முதலியார் அசையவில்லை. இவற்றைப் படித்து என்ன பயன் என்ற பொருளில் கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்றார். ஐயரின் பட்டியலில் சிந்தாமணி இல்லை. அந்தக் கேள்வி 1887இல் சிந்தாமணிப் பதிப்பாகவும், 1892இல் சிலப்பதிகாரமாகவும், 1894இல் புறநானூறாகவும் விளைந்தது. சங்கப் பாட்டின் சுருக்கமும் நேரடித்தன்மையும் தமிழ் வாசகர் மனத்தில் ஏறிய பிறகு, தலபுராணத்தின் விரிவு சோர்வாகத் தெரியத் தொடங்கிற்று. ஆசிரியரின் புகழை மங்கவைத்த வேலையில், ஆசிரியர்மேல் உயிரையே வைத்திருந்த மாணவருக்கும் பங்கு உண்டு என்பது இந்த வரலாற்றின் விசித்திரம்.

இந்த வழக்கு இரண்டு முன்மொழிவுகளுக்கும் சங்கடமானது. சமகாலத்தார் தம் காலத்து அளவுகோலையே நிரந்தரமான அளவுகோலாக எண்ணிவிடுகிறார்கள் என்பது முதல் முன்மொழிவுக்கு எதிரானது. பின்வந்தோரும் தம் காலத்து அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். அது புதியது என்பதால் சரியானது என்று ஆகிவிடாது என்பது இரண்டாவதற்கு எதிரானது. காலம் எல்லாவற்றையும் சலித்துத் தருகிறது என்று நம் உறுப்பினர் ஒருவர் அழுத்திச் சொன்னார். சலிப்பது காலம் அல்ல. கரையான், வெள்ளம், தீ, பிறகு ஏதோ ஒரு வீட்டுப் பரணில் ஏட்டைக் காப்பாற்றி வைத்த ஒருவரின் பொறுமை. பின்வந்தோரின் தீர்ப்பு, மிஞ்சியதைப் பற்றிய தீர்ப்பு மட்டுமே. சிந்தாமணியின் ஏடுகள் கிடைக்காமல் போயிருந்தால் அதைப் பாடிய திருத்தக்கதேவரைப் பற்றி நமக்குத் தீர்ப்பு எதுவும் இருந்திருக்காது.

நிகழ்த்து கலைகளில் இந்தக் குறை இன்னும் கூர்மையானது. அதே திருவாவடுதுறையின் நாகசுர வித்துவான் டி.என். இராஜரத்தினம் பிள்ளை 1956இல் மறைந்தார். சுவாமி புறப்பாட்டில் மணிக்கணக்காக நீளும் அவரது தோடி ராகத்தைத் தெருவில் நின்று கேட்டவர்கள் ஒருபுறம்; பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம் மட்டுமே ஓடும் பழைய இசைத்தட்டில் கேட்கும் நாம் மறுபுறம். இதில் யார் சிறந்த நீதிபதி என்று கேட்பதே வீண். ஆகவே எங்கள் அறக்கட்டளை என்றாவது இசைக்கோ கூத்துக்கோ விரிவடையுமானால், அங்கே முதல் முன்மொழிவைத் தவிர வேறு வழியில்லை என்பதை இப்போதே குறித்து வைக்கிறேன்.

இனி, கூட்டத்தில் யாரும் முன்வைக்காத மூன்றாவது வழி. பாரதி வழக்கில் மிகத் தரமான விசாரணை எப்போது நடந்தது என்று பார்த்தால், அது அவர் உயிரோடிருந்தபோதும் அல்ல, நூற்றாண்டு விழாவின்போதும் அல்ல. இறந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்த 1930களின் நடுவில். புதுச்சேரியில் பாரதியோடு பழகியிருந்த வ.ரா., ஷேக்ஸ்பியரும் ஷெல்லியும் பாரதிக்கு ஈடாகமாட்டார்கள் என்ற வகையில் பேசப்போக, அதற்கு மறுப்பு எழுந்தது. ஆனந்த விகடனில் இருந்த கல்கி அதில் இறங்கினார். பாரதி சிறந்த தேசிய கவி, அதில் ஐயமில்லை. உலக மகாகவிகளின் வரிசையில் வைக்க முடியாது என்பது அவர் கட்சி. அதற்கு எழுத்தாளர்கள் கு.ப. ராஜகோபாலனும் (கு.ப.ரா.) சிட்டியும் எழுதிய பதில்கள் 1937இல் ‘கண்ணன் என் கவி’ என்ற நூலாக வந்தன. பாரதியின் பாட்டைப் பாட்டாக மட்டும் வைத்து, சொல்லையும் படிமத்தையும் உணர்ச்சியின் ஓட்டத்தையும் எடுத்துக்காட்டி வாதாடிய நூல் அது.

அந்த விவாதத்தின் தரத்துக்குக் காரணம் அதில் பங்கேற்றவர்களின் மேதைமை மட்டும் அல்ல, அவர்கள் நின்ற தொலைவும்தான் என்று நினைக்கிறேன். வ.ரா. போன்றவர்கள் நேரில் பார்த்த சாட்சிகள். அவர்கள் மிகைப்படுத்தினால் மறுக்க, அதே காலத்தை அறிந்த பிறர் இருந்தார்கள். கு.ப.ரா.வின் தலைமுறையோ பாரதிக்குக் கடன்படாதது, அவரால் திட்டு வாங்காதது, அவரிடம் எதையும் எதிர்பார்க்க முடியாதது. ஆனால் அவர் எந்த மொழிச் சூழலை உடைத்தார் என்பதை உள்ளிருந்து அறிந்தது. அதைவிடப் பெரிய காரணம், அப்போது பாரதியை மகாகவி இல்லை என்று பெரிய பத்திரிகையில் கையெழுத்திட்டு எழுத முடிந்தது. இன்று எந்த மேடையிலாவது அப்படிச் சொல்லிப் பார்க்கலாம். அதே கல்கி பின்னர் எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்ப வாசகர்களிடம் நிதி திரட்டினார். 1947இல் அது திறக்கப்பட்டது. தீர்ப்பில் மாறுபட்ட ஒருவரே கல்லும் சுண்ணாம்பும் சேர்த்தார் என்பது அந்த விவாதம் எவ்வளவு நேர்மையாக நடந்தது என்பதற்குப் போதிய சான்று.

அதற்குப் பிறகு வந்தது வேறு வகை. 1949இல் பாரதி படைப்புகளின் உரிமையைச் சென்னை மாகாண அரசு பெற்றது. பின்னர் அவை பொதுவுடைமை ஆயின. இதனால் எவரும் மலிவு விலையில் அச்சிட முடிந்தது. கடையத்துச் சுற்றறிக்கையின் கனவு ஒருவகையில் அப்போதுதான் நிறைவேறியது. 1968இல் கடற்கரையில் சிலை வந்தது. ஆனால் சிலை வந்த பிறகு எவரும் அளப்பதில்லை, மாலைதான் போடுகிறார்கள். முண்டாசும் மீசையும் உருட்டிய விழியுமாக நாட்காட்டியில் தொங்கும் அந்த முகம், ஒவ்வொரு கட்சியும் தனக்கு வேண்டிய இரண்டு வரிகளை மட்டும் எடுத்துக்கொள்ள வசதியான முகம். இதற்கிடையில் ‘இந்தியா’ இதழிலும் சுதேசமித்திரனிலும் சிதறிக் கிடந்த அவரது உரைநடையைத் தேடித் தொகுத்த வேலையைச் சீனி. விசுவநாதன், இளசை மணியன் போன்ற சிலரே பல பத்தாண்டுகள் செய்தார்கள். தொலைதூரத் தலைமுறையின் உண்மையான பணி அவர்கள் செய்ததுதான், படத்திறப்பு அல்ல.

பெரிய அமைப்புகள் இந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தன என்றும் ஒரு பார்வை பார்த்தேன், பெரிதாக உதவவில்லை. இலக்கியத்துக்கான முதல் நோபல் பரிசு 1901இல் பிரெஞ்சுக் கவிஞர் சுல்லி புருதோமுக்குப் போனது. அப்போது தல்ஸ்தோய் உயிரோடிருந்தார். 1910 வரை இருந்தார். பரிசு அவருக்கு வரவே இல்லை. மறைந்தவருக்குப் பரிசை அறிவிப்பதில்லை என்று 1974இல் விதியை இறுக்கிய அந்த அமைப்பு, தவறினால் திருத்திக்கொள்ளும் வாயிலையும் சேர்த்தே அடைத்துக்கொண்டது. சாகித்திய அகாதெமி சற்று நெகிழ்வாக இருந்தது: 1954இல் மறைந்த கல்கிக்கு 1956இலும், 1964இல் மறைந்த பாரதிதாசனுக்கு 1969இலும் தமிழுக்கான விருது தரப்பட்டது. 1948இல் காசநோயில், நாற்பத்திரண்டு வயதில் இறந்த புதுமைப்பித்தனுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அவர் காலத்தில் அகாதெமியே இல்லை.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, இரண்டு முன்மொழிவுகளும் ஒரே தவறைச் செய்கின்றன. பணம், பட்டம் ஆகிய இரண்டையும் ஒரே கையால், ஒரே நேரத்தில் கொடுக்கப் பார்க்கின்றன. பணம் தேவைப்படுபவர் எழுதிக்கொண்டிருப்பவர். அதைக் கொடுக்க அவர் பெரியவர் என்று நாம் சத்தியம் செய்ய வேண்டியதில்லை, எழுத்து நன்றாக இருக்கிறது, தொடர்ந்து எழுதட்டும் என்ற அளவு போதும். அந்த அளவுக்கு நம் தீர்ப்பை நம்பலாம். கிருஷ்ணசாமி ஐயரும் அவ்வளவுதான் செய்தார். மாறாக, பட்டம் என்பது ஒருவரைப் பிறரோடு வரிசையில் நிறுத்துவது. அதற்கு இருபத்தைந்து ஆண்டு காத்திருப்பது என் கணக்கில் சற்று அதிகம். பழகியவர்கள் அதற்குள் ஒவ்வொருவராகப் போய்விடுவார்கள். மறைந்து பத்து ஆண்டுக்குக் குறையாமலும் முப்பது ஆண்டுக்கு மேற்படாமலும் உள்ள காலம், பாரதி வழக்கைப் பார்த்தால், பொருத்தமாகத் தெரிகிறது.

ஆகவே நான் எழுதிக் கொடுத்திருக்கும் வரைவு இதுதான். வட்டித் தொகையில் மூன்றில் இரண்டு பங்கு ஆண்டுதோறும் எழுதிக்கொண்டிருக்கும் ஒருவருக்குப் பட்டம் ஏதுமின்றிப் பணமாகப் போகும். விழாவும் பொன்னாடையும் வேண்டியதில்லை. மீதி ஒரு பங்கு ஐந்து ஆண்டுகள் சேர்த்து வைக்கப்படும். ஐந்தாவது ஆண்டில், மேற்சொன்ன கால வரம்புக்குள் மறைந்த ஒருவரைப் பற்றி இரண்டு நாள் விவாதம் நடக்கும். அவரைப் பெரியவர் இல்லை என்று வாதிடவும் ஒருவர் கட்டாயம் அழைக்கப்படுவார். அவரோடு பழகியவர்களின் பேச்சு ஒலிப்பதிவு செய்யப்படும். தொகுக்கப்படாமல் இதழ்களில் கிடக்கும் அவருடைய எழுத்து ஒரு நூலாக வரும்.

எங்கள் பொருளாளர் இதைப் படித்துவிட்டு, கொள்கையில் தமக்கு மறுப்பில்லை என்றும், ஐந்தாண்டு வட்டியில் ஒரு பங்கு என்றால் முந்நூறு பிரதிக்கு மேல் அச்சிட முடியாது என்றும் ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறார். ஒலிப்பதிவைத் தட்டச்சு செய்பவருக்குக் கூலி யார் தருவது என்ற கேள்வியும் அங்கே இருக்கிறது. இரண்டு அச்சகங்களில் விலைப்புள்ளி கேட்டிருக்கிறோம். அடுத்த கூட்டத்தில் அதை வைத்துக்கொண்டு பேசலாம்.